தோட்டா நின்றுபோன துப்பாக்கி

நல்ல வேட்டைத் துப்பாக்கி ஒன்றுக்கு ஆயுள் நூறு வருஷத்துக்குக் குறையாது. அதற்கு வேண்டிய தோட்டாவின் ஆயுளோ தொழிற்சாலை முதலாளியின் லாபக் கணக்கைப் பொறுத்தது. எஃகுக் குழலும் மரக்கட்டையும் பாட்டனாரிடமிருந்து பேரனுக்குப் பழுதின்றி வந்து சேரலாம். அந்தக் குழலுக்குப் பொருந்தும் தோட்டா எந்தக் கடையிலும் இல்லையென்றால் அதைச் சுவரில் மாட்டி அழகு பார்க்க வேண்டியதுதான். அமெரிக்க வேட்டைக்காரர்களில் ஒரு சாரார் இதற்கு உடன்படுவதில்லை. வழக்கொழிந்த தோட்டாவைத் தங்கள் கையாலேயே செய்துகொள்கிறார்கள். அந்தக் கைத்தொழிலைப் பற்றித்தான் இங்கே எழுதப் போகிறேன். உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வது '405 வின்செஸ்டர்' என்னும் தோட்டா. நம் பக்கத்துக் காடுகளுக்கும் அதற்கும் ஓர் உறவு உண்டு.

கென்னத் ஆண்டர்ஸன் (1910–1974) என்ற பெங்களூர்வாசியின் வேட்டைக் கதைகளைப் படித்திருப்பவர்களுக்கு அந்த உறவு விளங்கும். பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்த ஜவளகிரிக் காட்டில் ஆட்கொல்லிப் புலியைத் தொடர்ந்து சென்ற கதை 1954-ல் வெளிவந்த அவருடைய புஸ்தகத்தில் இருக்கிறது. அவர் தோளில் கிடந்தது 405 வின்செஸ்டர்தான். அவர் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் விஷயம் ஒன்றுண்டு. நாட்டுத் துப்பாக்கியின் ரவையும் இரும்புத் துண்டும் பாய்ந்து, சாகாமல் ஊனப்பட்டுப்போன மிருகம், மானைத் துரத்திப் பிடிக்கச் சக்தியின்றி மாட்டையும் பிறகு மனிதனையும் நாடுகிறது. போதாத தோட்டாவின் பலனை அனுபவிப்பவன் சுட்டவன் அல்ல. இரண்டு மாதம் கழித்து விறகு பொறுக்கப் போகிறவன். ஆகவே தோட்டா எது, அது எவ்வளவு ஒழுங்காகச் செய்யப்பட்டது என்பதெல்லாம் வீண் பொழுதுபோக்கு ஆராய்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது.

இந்தத் தோட்டா பிறந்தது 1904-ல். வின்செஸ்டர் கம்பெனியார் 1895-ம் வருஷ மாதிரி என்று ஒரு துப்பாக்கி செய்துவந்தார்கள். அதை அமைத்தவர் ஜான் பிரௌனிங். விசைக்குக் கீழே உள்ள வளையத்தை முன்னே தள்ளி இழுத்தால், சுட்ட கூடு வெளியே விழுந்து புதுத் தோட்டா உள்ளே ஏறும். அதற்கு முந்திய துப்பாக்கிகளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைக் குண்டானால், முன்னிருக்கும் தோட்டாவின் கேப்பைக் குத்தி வெடிக்கச் செய்துவிடலாம். பிரௌனிங் அவற்றை ஒரு பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அந்த அபாயத்தை நீக்கினார். முதல் உலக யுத்தத்தின்போது ருஷ்யா இந்த மாதிரியில் மூன்று லட்சத்துக்குச் சற்றுக் குறைவாக வாங்கிற்று. அவை ருஷ்ய ராணுவத் தோட்டாவுக்கு ஏற்பச் செய்தவை. பெரிய மிருகங்களுக்கென்று அதே துப்பாக்கிக்கு ஏற்பட்டதே 405. ஜனாதிபதிப் பதவியிலிருந்து விலகிய தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்கு அதைக் கொண்டுபோனார். சிங்கத்துக்கு இதுவே தகுந்த மருந்து என்ற கருத்தில் அவர் எழுதியது அந்தத் தோட்டாவுக்குப் பெரும் விளம்பரமாயிற்று.

தோட்டாக்களின் பெயர்கள் கணக்கு வாத்தியாருக்கும் தலைவேதனை தரக்கூடியவை. 45-70 என்பதில் 70 பழைய கருமருந்தின் எடை. 30-06 என்பதில் 06 என்பது 1906-ம் வருஷம். 405 என்பதோ அங்குலத்தில் ஆயிரத்தில் 405 பங்கு. அதிலும் குண்டின் உண்மையான குறுக்களவு 411 பங்கு! குண்டின் எடை 300 கிரெயின். நம்மூர்ப் பொற்கொல்லரின் குன்றிமணி ஒன்றில் ஏறக்குறைய இரண்டு கிரெயின் அடங்கும் என்றால் அந்த எடையை ஊகித்துக்கொள்ளலாம். வினாடிக்குச் சுமார் 2,200 அடி வேகத்தில் அது குழலைவிட்டுப் புறப்படுகிறது.

இவ்வளவு கியாதியுள்ள தோட்டா ஏன் அரிதாயிற்று? முதல் காரணம் 30-06. ராணுவத் தோட்டா என்றால் கோடிக் கணக்கில் செய்வார்கள், மலிவாகக் கிடைக்கும், எந்தக் கிராமத்துக் கடையிலும் இருக்கும். அதன் மெல்லிய கூர்மையான குண்டு நெடுந்தூரம் தாழாமல் பறக்கும். 405-ன் மொட்டைக் குண்டோ காற்றோடு மல்லுக்கட்டி வேகத்தை இழந்து, இருநூறு கஜத்துக்கு அப்பால் மளமளவென்று தாழ்ந்துவிடும். இரண்டாவது காரணம் உதை. பிறைபோல் வளைந்த இரும்புத் தகட்டைத் துப்பாக்கிக் கட்டையின் அடியில் பதித்தவர் சுடுகிறவனுடைய தோள் எலும்பை நினைத்துப் பார்க்கவேயில்லை. இரண்டாம் உலக யுத்த காலத்துக்குள் துப்பாக்கி செய்வது நின்றது. 1950-களில் தோட்டா செய்வதும் நின்றது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில், துப்பாக்கியை மீண்டும் செய்தார்கள். ஹார்னடி கம்பெனியார் தோட்டாவும் செய்யத் தொடங்கினார்கள். அந்த இடைக்காலத்தில் 405-ஐ உயிரோடு காத்தது வீட்டு மேஜைகளில் நடந்த கைவேலைதான்.

இன்று ஒருவன் இதைத் தேர்ந்தெடுக்கலாமா? அடர்ந்த காட்டில் நூறு, நூற்றைம்பது கஜத்துக்குள் பெரிய மானை வேட்டையாடுகிறவனுக்கு இது போதும். போதுமென்பதற்கு மேலும் உண்டு. வெட்டவெளியில் நெடுந்தூரம் சுட விரும்புகிறவன் இதைத் தொடாமலிருப்பதே மேல். இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். 458 பங்கு, 375 பங்கு குறுக்களவுள்ள குண்டுகள் பல விதத்தில் கிடைக்கின்றன. 411 பங்குக் குண்டு செய்கிறவர்கள் சிலரே. அரிய தோட்டாவைத் தேர்ந்தெடுப்பவன், குண்டுக்கும் கூட்டுக்கும் சேர்த்து முன்கூட்டியே சேமித்து வைத்துக்கொள்ளவேண்டும். இல்லையேல் அதை வாங்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம்.

இனிக் கைவேலைக்கு வருவோம். தோட்டாவுக்கு அங்கம் நான்கு: பித்தளைக் கூடு, அதன் அடியில் பதிந்த கேப்பு, மருந்து, குண்டு. ஒருமுறை சுட்டதும் மருந்தும் கேப்பும் அழிகின்றன, குண்டு போய்விடுகிறது. விலையுயர்ந்த கூடு மட்டும் கையில் மிஞ்சுகிறது. அதைத் திரும்பத் திரும்ப உபயோகிப்பதே இந்தத் தொழிலின் சூக்ஷ்மம்.

சுடும்போது கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. ஆகையால் அதை ஓர் எஃகு அச்சுக்குள் நெம்புகோல் யந்திரத்தால் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். அதே அழுத்தத்தில் அச்சின் நடுவிலுள்ள ஊசி செத்த கேப்பைத் தள்ளிவிடும். இங்கேதான் ஒரு வேடிக்கை. அமெரிக்கர் கையாளும் கேப்பு பாக்ஸர் என்ற ஆங்கிலேயர் அமைத்தது. ஐரோப்பாவில் பரவியதோ பெர்டன் என்ற அமெரிக்கர் அமைத்தது! பாக்ஸர் கேப்பில் பட்டடை கேப்புக்குள்ளேயே இருக்கும். கூட்டின் நடுவே ஒரே துளை. ஊசி நேராக இறங்கும். பெர்டன் முறையில் பட்டடை கூட்டோடு சேர்ந்தது, துளைகள் பக்கவாட்டில் இருக்கும், ஊசி நுழையாது. அமெரிக்காவில் இந்தக் கைத்தொழில் வீட்டுக்கு வீடு பரவியதற்கு இந்த ஒற்றைத் துளையும் ஒரு முக்கிய காரணம்.

பித்தளை வளைய வளைய இறுகும். பாத்திரக்காரருக்கு இது தெரியும். பலமுறை சுட்ட கூட்டின் வாய் இறுகி வெடித்துப் பிளக்கும். அதைத் தடுக்க, வாய்ப் பக்கத்தை மட்டும் சுடரில் காட்டி மென்மையாக்குகிறார்கள். அடிப் பக்கம் சூடேறவே கூடாது. வெடியின் முழு அழுத்தத்தையும் தாங்குவது அதுதான். மென்மையானால் கூடு பிய்ந்து, கொதிக்கும் வாயு சுடுகிறவன் முகத்தை நோக்கி வரும். 405-ன் கூட்டுக்கு அடியில் விளிம்பு உண்டு. அறைக்குள் அதை நிறுத்திப் பிடிப்பது அந்த விளிம்பே. விளிம்பின் கனம் சரியாயிருக்கிறதா என்று பார்த்த பிறகே மேலே செல்லவேண்டும். அசல் கூடு கிடைக்காத காலத்தில், அடிப்பருமன் ஒத்து நீளம் மிகுந்த வேறு கூடுகளை வெட்டித் தேய்த்து உருவாக்கியவர்களும் உண்டு. பொறுமை என்றால் என்ன என்பதை அவர்களிடம் கற்கலாம்.

மருந்தின் அளவில் ஊகத்துக்கு இடமே கிடையாது. கம்பெனிகள் சோதித்து வெளியிட்ட அட்டவணையிலுள்ள குறைந்த அளவில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றுவதே முறை. ஒரு மருந்தின் அளவை இன்னொரு மருந்துக்குப் போடுவது குழலைப் பிளக்கும் காரியம். தராசு கிரெயினில் பத்தில் ஒரு பங்கையும் காட்டவேண்டும். கூட்டை ஏறக்குறைய நிரப்பக்கூடிய மருந்தாகத் தேர்ந்தெடுப்பது புத்திசாலித்தனம். மறதியால் இரண்டு முறை கொட்டினால் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். பாதிக் கூட்டில் அடங்கும் மருந்தோ வாய் திறவாது! எல்லாக் கூடுகளிலும் மருந்திட்டபின் விளக்கொளியில் வரிசையாக எட்டிப் பார்ப்பது அநுபவசாலிகளின் வழக்கம். சுட்டபின் கேப்பு தட்டையாய் நசுங்கியிருந்தாலோ, கூடு வெளிவர அடம் பிடித்தாலோ, அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று அறிந்து அளவைக் குறைக்கவேண்டும்.

கடைசி வேலை குண்டைப் பொருத்துவது. 405-ன் கூடு நேரானது. கழுத்துச் சுருக்கம் இல்லை. ஆகவே வாயைச் சற்று மலர்த்தி, குண்டை இறக்கி, மறுபடி வாயை உட்புறம் மடித்துக் கவ்வச் செய்கிறார்கள். அப்படிச் செய்யாவிட்டால், பெட்டியில் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் துப்பாக்கியின் உதையால் இடம்பெயர்ந்து, இரண்டாவது வேட்டு அவசியமாகும் சமயத்தில் யந்திரம் சிக்கிக்கொள்ளும். எதிரே காயம்பட்ட மிருகம் நிற்கும்போது அது எப்படிப்பட்ட சமயம் என்று விவரிக்க வேண்டியதில்லை. செம்பு உறையிட்ட குண்டு அகப்படாதவர்கள் ஈயத்தோடு வெள்ளீயமும் சிறிது சேர்த்து அச்சில் வார்த்துக்கொள்கிறார்கள். ஈயக் குண்டு அதிக வேகம் பொறுக்காது. குழலின் புரிகளில் ஈயம் படிந்துவிடும். அதற்குத் தக்கபடி மருந்தைக் குறைக்கவேண்டும்.

நம் நாட்டில் 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு, பொழுதுபோக்கு வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. உரிமமின்றித் தோட்டா செய்வதும் 1959-ம் வருஷ ஆயுதச் சட்டப்படி குற்றம். ஐக்கிய அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை.

அங்கே ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு ஒட்டுவது வழக்கம்: மருந்தின் பெயர், எடை, குண்டு, கேப்பு, கூடு எத்தனையாவது முறை, செய்த தேதி. காலஞ்சென்ற வேட்டைக்காரரின் பண்டங்கள் ஏலத்துக்கு வரும்போது சீட்டில்லாத பெட்டிகளும் வருவதுண்டு. விவரம் தெரிந்தவன் அவற்றைச் சுடமாட்டான். குண்டைக் கழற்றி, மருந்தை வெளியே கொட்டிவிட்டு, கூட்டை மாத்திரம் வைத்துக்கொள்வான்.