மஞ்சளித்த பயிருக்கு யூரியாதான் மருந்தா?

முற்றத்துப் புல்லிலிருந்து தொடங்குவோம். மாட்டுக்கொட்டிலுக்கு அருகே வளரும் அறுகம்புல்லைச் சற்றுக் கூர்ந்து பாருங்கள். மாடு சலம் விட்ட இடத்தின் நடுவில் புல் கருகி வைக்கோல் நிறமாகக் கிடக்கும். அந்தக் கருகலைச் சுற்றியுள்ள புல்லோ மற்ற இடங்களைவிடக் கரும்பச்சையாகவும் உயரமாகவும் செழித்திருக்கும். சலத்தில் இருப்பதும் யூரியாதான். அளவாகக் கிடைத்த இடத்தில் அது உணவு. அளவுக்கு மிஞ்சிய இடத்தில் அதுவே நெருப்பு. நெல்லும் புல்லினத்தைச் சேர்ந்த பயிரே என்பதால் இந்த முற்றத்துப் பாடம் வயலுக்கும் பொருந்தும்.

ஆனால் கார்த்திகை மாதத்தில் நாம் கிராமங்களுக்குச் செல்லும்போது கேட்கும் முதற் கேள்வி வேறு. "பாதர், பயிர் மஞ்சளாகிப் போச்சுது. எவ்வளவு யூரியா போடோணும்?" மஞ்சளித்தது ஏன் என்று கேட்பவர் அரிது. 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே அத்தடை தளர்த்தப்பட்டதை எல்லோரும் அறிவோம். அந்தப் போகத்தில் பசளையின்றி வெளிறி நின்ற வயல்கள் நம் மக்களின் மனதில் ஒரு கணக்கைப் பதித்துவிட்டன: மஞ்சள் என்றால் யூரியா இல்லை. அன்று அது பெரும்பாலும் சரியான கணக்கு. எல்லா நாளும் எல்லா மண்ணிலும் அது சரியாக வராது.

இதை நாமே பிழைவிட்டுக் கற்றோம். 1990ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று, 2022ஆம் ஆண்டின் காலபோகத்தில் தென்மராட்சியில் கடல்நீரேரி ஓரமாகச் சிறிது வயற்காணியைக் குத்தகைக்கு எடுத்து விதைத்திருந்தது. செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்து பழகிய குடும்பம். மழை சில நாட்கள் விட்டுப்போன வேளையில் பயிர் மஞ்சளிக்கத் தொடங்கியது. நாம் வரம்பில் நின்றபடியே பார்த்துவிட்டு, "பசளை காணாது போல" என்று சொல்லிவிட்டு வந்தோம். யூரியா விலை ஆகாயத்தில் நின்ற காலம் அது. அந்த வீட்டுத் தாய் தன் தோட்டை அடகுவைத்து வாங்கிப் போட்டார். பத்து நாளில் மஞ்சள் இன்னும் கூடியது. மறுபடியும் போட்டார்கள். அதன் பிறகுதான் பக்கத்து வயற்காரரான பெரியவர் ஒருவர் இறங்கிவந்து ஒரு பயிரை வேரோடு பிடுங்கினார். இலை நுனிகள் வெளுத்துச் சுருண்டிருப்பதைக் காட்டினார். பயிர் ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் குறுகியும் திட்டுத்திட்டாக நிற்பதைக் காட்டினார். பிறகு குழியில் கிடந்த நீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார். "உவர்" என்றார். அவ்வளவுதான்.

உவர் மண்ணில் நிற்கும் பயிர் தண்ணீருக்குள் நின்றே தாகத்தால் வாடுகிறது. உப்பு நீரை வேரால் இழுக்க அதற்கு இயலாது. அதற்கு மேலும் மேலும் பசளை போடுவது தாகத்தால் தவிப்பவனுக்குக் கருவாடு கொடுப்பது போலத்தான். நாம் கொடுக்கச் சொன்னது கருவாடு.

ஆகவே வயலில் மஞ்சளைக் கண்டால் முதலில் பசளைச் சாக்கைத் தேடாமல், மஞ்சள் எந்த இலையில் தொடங்கியது என்று பாருங்கள். பயிருக்குத் தழைச்சத்து குறையும்போது அது தன் பழைய இலைகளில் உள்ள சத்தை எடுத்துப் புதிய குருத்துக்குக் கொடுக்கிறது. முகாமில் உணவுப் பங்கு குறைந்த நாட்களில் தாய்மார் தம் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்களே, அதுபோல. இதனால் அடியிலுள்ள பழைய இலைகள் நுனியிலிருந்து மஞ்சளிக்கும். மேலுள்ள இலைகள் ஓரளவு பச்சையாக இருக்கும். வயல் முழுவதும் ஏறக்குறைய ஒரேமாதிரி வெளிறும். இந்த மஞ்சளுக்கு மட்டுமே யூரியா மருந்து. அப்போதும் ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் பிரித்துப் போடவேண்டும்.

இரும்புச்சத்தும் கந்தகமும் அப்படி இடம்மாறிக் கொடுக்கும் குணம் குறைந்தவை. அவை குறைந்தால் இளம் இலையே முதலில் வெளிறும். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மேலுள்ள செம்மண்ணில் புழுதி நாற்றுமேடை போட்டவர்கள் இதைக் கண்டிருப்பார்கள்: குருத்து வெண்மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. அது பயிருக்கு எட்டாமல் கிடக்கிறது. நன்றாக மக்கிய எருவும், மேடையைக் காயவிடாமல் ஈரமாக வைத்திருப்பதும் பலன் தரும். நாகச்சத்துக் குறைபாடு வேறு விதம். நாற்று நட்டு இரண்டு மூன்று வாரத்தில், நீர் வடியாத பள்ளங்களில், கீழ் இலைகளில் துருப்பிடித்தாற்போலப் பொட்டுகள் விழுந்து பயிர் குறுகும். அங்கே முதல் வேலை நீரை வடியவிடுவது.

அடுத்து, பூச்சியின் மஞ்சள். இளம் பயிரின் நுனி ஊசிபோலச் சுருண்டு மஞ்சளித்தால் உள்ளங்கையை நனைத்துப் பயிரின் மேலாக மெல்லத் தடவிப் பாருங்கள். கையில் கறுப்பாகச் சிறு பூச்சிகள் ஒட்டினால் அது பனிப்பூச்சி. நீர் இருக்குமானால் பயிர் மூழ்கும்படி ஒரு நாள் கட்டிவிட்டாலே பெரும்பாலும் அடங்கிவிடும். நடுக்குருத்து மட்டும் காய்ந்து, பிடித்து இழுத்தவுடன் கையோடு வந்தால் தண்டுக்குள் புழு இருக்கிறது.

எல்லாவற்றிலும் நம்மை அதிகம் ஏமாற்றுவது அறக்கொட்டிதான். வயலின் நடுவே வட்டமாக மஞ்சள் விழும். சில நாட்களில் நெருப்புப் பட்டதுபோலப் பழுப்பாகிப் படுக்கும். இலையில் எவ்வளவு தேடினாலும் காணமாட்டீர்கள். பயிரை இரு கையாலும் விலக்கி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே அடித்தண்டைப் பார்க்கவேண்டும். கபில நிறத்தில் கூட்டமாக அப்பியிருக்கும். யூரியா மிகுந்து கொழுத்த, நெருக்கமாக விதைத்த பயிரில்தான் அது வேகமாகப் பெருகும். இந்த மஞ்சளைக் கண்டு யூரியா போடுபவர் பகைவனுக்கு விருந்து வைக்கிறார். நீரை மூன்று நான்கு நாட்கள் வடியவிட்டு அடியில் காற்றும் வெயிலும் படச் செய்யுங்கள். கண்டபடி கிருமிநாசினி தெளித்தால் அறக்கொட்டியைத் தின்னும் சிலந்திகளே முதலில் சாகும்.

இலை ஓரம் அலைபோல மஞ்சளாகி, நுனியிலிருந்து கீழ்நோக்கி வைக்கோலாக இறங்கினால் பக்றீரியா நோயாக இருக்கலாம். நோய்பட்ட இலையைத் துண்டாக வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் கிளாசில் வெட்டுமுனை நீருக்குள் இருக்கும்படி விட்டுச் சற்றுப் பொறுங்கள். வெட்டுமுனையிலிருந்து பால்போலக் கலங்கல் இறங்கினால் ஐயமில்லை. இதற்கும் யூரியா பகையே.

உவர் விடயத்துக்குத் திரும்புவோம். கரையோரங்களில் குடியேறியுள்ள பலருக்கு இதுவே தலையாய பிரச்சினை. போர்க்காலத்தில் உவர்நீர்த் தடுப்பு அணைகளும் வரம்புகளும் ஆண்டுக்கணக்காகப் பராமரிப்பின்றிக் கிடந்ததால் உப்பு உள்ளே ஏறிய காணிகள் இருக்கின்றன. குத்தகைக்கு எடுக்குமுன் வெயில் காலத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். மண்ணின் மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் குத்தகைப் பணம் பேசும்போது அதையும் சேர்த்துப் பேசுங்கள். காணிக்காரர் சொல்லமாட்டார், அவரைக் குறைசொல்லவும் முடியாது, கேட்பது நம் வேலை. விதைக்குமுன் பெய்யும் முதல் மழைநீரை உள்ளே தேக்கி, உப்பைக் கரையவிட்டு, பள்ளப் பக்க வரம்பை வெட்டி வெளியேற்றுங்கள். பிறகு அதை இறுக்கிக் கட்டி அடுத்த மழையைத் தேக்குங்கள். உவரைத் தாங்கும் அற் 354 போன்ற இனங்களைப் பற்றிக் கமநல நிலையத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். விதைப்பு நெருங்கிய பின் கேட்டால் விதைநெல் கிடைப்பது கடினம்.

நாம் சொன்ன குடும்பம் அடுத்த போகத்தில் இதைத்தான் செய்தது. பள்ளத்துத் துண்டு ஒன்றை விதைக்காமலே விட்டார்கள். எஞ்சியதில் விளைந்தது வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. தோடு அதற்கும் அடுத்த போகத்தில்தான் மீட்கப்பட்டது. அந்தத் தாய் நம்மிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை; ஆனால் இப்போது நாம் வயலுக்குப் போனால், "பாதர், செருப்பைக் கழட்டிப்போட்டு இறங்கிப் பாருங்கோ" என்பார்.

விவசாயப் போதனாசிரியரிடம் செல்லும்போது இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். நோய்ப்பயிர் ஒன்றும் நல்ல பயிர் ஒன்றும் வேரோடும் மண்ணோடும், ஒரு போத்தலில் வயல் நீரும், இதுவரை என்ன பசளை எத்தனை கிலோ போட்டீர்கள் என்ற கணக்கும் கொண்டு செல்லுங்கள். போக இயலாதவர்கள் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேட்கலாம். அவர் கேட்கும் முதற் கேள்வி அநேகமாக இதுவாகத்தான் இருக்கும்: மஞ்சள் முதலில் பழைய இலையிலா, குருத்திலா?