லயத்துக் காம்பிராவில் ஒரு பாதாளக் கோட்டை

மார்கழியில் எங்கள் லயத்துக்குப் பனி மாலை நாலரைக்கே வந்துவிடும். ஆறு மணிக்கு எதிர்க் காம்பிராவின் பல்பு வெறும் மஞ்சள் கறையாகத் தெரியும். அப்படி ஓர் இரவில்தான் அக்கா மகன் தன் கைபேசியை டீவியோடு இணைத்து, ஜோன் கார்ப்பென்டர் 1980இல் எடுத்த 'த ஃபொக்' படத்தைப் போட்டான். போட்ட கையோடு டீவியின் சத்தத்தை அணைத்துவிட்டு, சின்ன ஸ்பீக்கர் ஒன்றில் வேறொரு இசையை ஓடவிட்டான்.

"ஏண்டா, அந்த டைரக்டரே சிந்தசைசர்ல மியூசிக் போட்டவர்தானே?"

"அது பயமுறுத்தப் பாக்குது மாமா. இது சும்மா இருக்குது."

கடற்கரை ஊர் ஒன்றைப் பனி விழுங்கிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரில் அடித்தொண்டையில் ஒரே சுருதி. அதன்மேல் நாலே நாலு ஸ்வரம் வந்து வந்து போனது. அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "இதென்னடா, ஸ்டோருல ரோதை ஓடுற மாதிரி கேக்குது?" இருபத்தெட்டு வருடம் தேயிலை ஸ்டோரில் நின்றவரின் காது அது.

குளிர் மாதத்தில் நன்றாகப் போகும், இந்த இருட்டு இசைக்குப் பொருத்தமான பேய்ப்படங்களும் மாயப்படங்களும் ஒரு பத்துச் சொல்லுங்கள் என்பது இதழாசிரியர் தந்த வேலை. பத்து தேறுமா தெரியாது. அம்மா கேட்ட கேள்வியை விட்டு நகர முடியவில்லை.

அந்த இசைக்கு 'டஞ்சன் சிந்த்' என்று பெயர். டஞ்சன் என்றால் கோட்டைக்கு அடியில் இருக்கும் பாதாளச் சிறை. 1990களின் தொடக்கத்தில் நோர்வேயின் பிளாக் மெட்டல் கூட்டத்திலிருந்து பிரிந்த கிளை இது. மோர்ட்டிஸ் என்ற கலைஞரை முன்னோடியாகச் சொல்வார்கள். ஒருவர், ஒரு கீபோர்ட், ஒரு அறை, ஒரு கசெட். குழல், தந்தி, தேவாலயக் கூட்டுப்பாட்டு எல்லாமே கீபோர்டுக்குள் இருக்கும் போலிக்குரல்கள்தான். அந்த மலிவுதான் இதன் அழகு. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் 'ஃப்ளூட்' என்று எழுதிய பட்டனை அழுத்தி வாசிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தச் சத்தம் அந்நியமாக இருக்காது. அக்கா மகனுக்கு இது பிடித்துப்போனதும் அந்த வழியில்தான். அவன் கோயில் கீபோர்ட்காரன்.

இனி படங்கள். மைக்கேல் மான் 1983இல் எடுத்த 'த கீப்' இந்த இசைக்குத் தாத்தா முறை. ருமேனிய மலைக்கோட்டை ஒன்றில் அடைபட்டிருக்கும் பூதம், 1941இன் ஜெர்மன் படை, எங்கும் புகை. இசை டாஞ்சரின் ட்ரீம். ஸ்டுடியோ வெட்டித் தள்ளியதில் 96 நிமிடமே மிஞ்சிய படம் என்பதால் கதை புரியாது. கதைக்காக யாரும் அதைப் பார்ப்பதும் இல்லை. ஹெர்சொக்கின் 'நொஸ்பெராட்டு' (1979), பேசாப்படமான 'ஹெக்ஸன்' (1922), 'த விட்ச்' (2015), 'த கிரீன் நைட்' (2021) எல்லாமே ஒரு நாற்காலி, ஒரு கம்பளி, ஒரு பிளேன்ரீ இருந்தால் போதும் என்ற வகை. நம் பக்கத்தில் 'தும்பாட்' (2018) இருக்கிறது. மழையே ஒரு பாத்திரமாக நடக்கும் படம். வீடியோ கேம்களுக்கு இசையமைத்துப் பேர்பெற்ற டென்மார்க்காரர் ஜெஸ்பர் கிட் அதற்கு இசையமைத்தார். பேய்ப்படத்துக்கு மௌனம்தான் நல்ல இசை என்பாரும் உண்டு. அவர்கள் ஒரு இரவாவது லயத்தில் படுத்துப் பார்க்கட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிராவில் பக்கத்து வீட்டு இருமலும் நம் இருமல்தான்.

'த ஃபொக்' படத்துக்குத் திரும்புகிறேன். அந்தப் பனியில் வரும் பேய்களுக்கு ஒரு கணக்குப் பாக்கி இருக்கிறது. நூறு வருடத்துக்கு முன் நோயாளிகள் வந்த கப்பலைத் தீ காட்டி ஏமாற்றிப் பாறையில் மோதவைத்து, அவர்களுடைய தங்கத்தில் கட்டிய ஊர் அது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எனக்குள் ஓடியது வேறு. நம் மலையில் பனிக்குள்ளிருந்து யாராவது கணக்குக் கேட்டு வருவதென்றால் யார் வருவார்கள்? தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்து, மன்னாரில் கரையேறி, மாத்தளை வரை காட்டுவழி நடந்து, கொலராவில் வழியிலேயே விழுந்தவர்கள் வருவார்கள். அந்த வருகையின் 200 வருட நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்தப் பாதை. இதைப் படமாக எடுக்க ஆளில்லை. எடுத்தால் அதற்குப் பேய் மேக்கப் தேவைப்படாது.

இன்னொரு படம் இதைவிடக் கிட்ட வருகிறது. ராகுல் சதாசிவன் இயக்கிய மலையாளப் படம், 'பிரமயுகம்' (2024). பதினேழாம் நூற்றாண்டு மலபார், முழுக்கக் கறுப்பு வெள்ளை, கிறிஸ்டோ சேவியரின் இசை. அடிமை வாழ்வுக்குத் தப்பி ஓடும் பாணன் ஒருவன் பசியோடு ஒரு பாழடைந்த மனைக்குள் நுழைகிறான். அந்த மனைக்குச் சொந்தக்காரரான போற்றியாக மம்மூட்டி. சோறு உண்டு, படுக்க இடம் உண்டு, பாட்டுக்கு மரியாதையும் உண்டு. பிறகு சொக்கட்டான் ஆட அழைக்கிறார். பணயம் வைக்க என்னிடம் என்ன இருக்கிறது என்கிறான் பாணன். உன் காலத்தை வை என்கிறார் போற்றி. தோற்றபின் வாசல் திறந்துதான் கிடக்கிறது, போகத்தான் முடியாது.

தோட்டத்துக்காரர் யாருக்கும் இந்தக் காட்சிக்கு உரை தேவையில்லை. அதற்கு நம்மிடம் இருந்த பெயர் துண்டு. கங்காணியிடம் பட்ட கடனை எழுதிய சீட்டு. அடுத்த தோட்டம் அந்தக் கடனைக் கட்டினால்தான் ஆள் இடம் மாறலாம். 1921இல்தான் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அப்பாவின் அப்பா துண்டைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார். பேய்க்கதையைச் சத்தமாகச் சொல்கிறவர் அவர்.

வெள்ளைக்காரர் பேய்க்கதைக்கும் இங்கே பஞ்சமில்லை. ஆயிரத்துக்கு மேல் யானை சுட்ட மேஜர் ரொஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். அவர் நினைவாகத்தான் பதுளையில் சென் மார்க்ஸ் தேவாலயம் எழுந்தது. சுற்றுலா வழிகாட்டிகள் அதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொள்ளட்டும்.

எனக்கு வேண்டியது மாசி மாதத்துக் கதை. டீவி டெக்கை வாடகைக்கு எடுத்து லயமே கூடி விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' பார்த்த தீபாவளிகளுக்கு முன்னால் இருந்தே நமக்கு ஒரு மாயப்படம் உண்டு. காமன் கூத்து. வளர்பிறையில் கம்பம் ஊன்றி, நாள் தப்பாமல் பாடி, கடைசி இரவில் சிவனின் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிவான். வீரபத்திரன் தீப்பந்தத்தோடு பனிக்குள்ளிருந்து பாய்ந்து வரும்போது முன்வரிசைப் பிள்ளைகள் பின்வரிசைக்கு ஓடுவார்கள். எமன் வருவான். ரதி அழுவாள். இருட்டு, நெருப்பு, சாபம், எரிந்தவனுக்காக அழும் பெண். நோர்வேக்காரன் கீபோர்டில் தேடிக்கொண்டிருப்பது இதைத்தானே?

அதற்கு இசை, தப்பு என்ற தோல் மேளம். போன மாசியில் எங்கள் மேல்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல் பிரிவில், காமன் பொட்டலில் தப்புக்காரத் தாத்தாவின் பக்கத்தில் குந்தியிருந்தேன். கவ்வாத்து மிலாறைக் கூட்டித் தீ மூட்டி, தப்பை அதன்மேல் சாய்த்துப் பிடித்துச் சுற்றிக்கொண்டே இருந்தார். நடுவில் நகத்தால் ஒரு சுண்டு. காதை வைத்தார். திருப்தியில்லை, மறுபடி தீ. மூன்றாவது சுண்டலில் தோல் 'ணங்'கென்று பேசியது. எழுந்து போய் அடித்தார். கால் மணி நேரத்தில் பனி இறங்கித் தோல் தொய்ந்துவிட்டது. மறுபடி வந்து உட்கார்ந்தார். "மழைக்காலத்துல இது அழும் தம்பி. விடியக்காலம் ஆளெழுப்பிப் பெரட்டுக்கு அடிச்ச காலத்துல, அழுற தப்பு கேட்டா சனம் பத்து நிமிசம் கூடத் தூங்கும்" என்று சிரித்தார். அந்தத் தொய்ந்த தப்பின் சத்தம் இருக்கிறதே, ஈரத்துணியில் அடித்ததுபோல, ஆழத்திலிருந்து வருவதுபோல, அதை எந்தச் சிந்தசைசரிலும் நான் கேட்டதில்லை.

கேட்டதில்லை என்று எழுதுகிறேனே தவிர, உங்களுக்குக் கேட்கத் தர என்னிடம் ஒன்றுமில்லை. அன்று இரவு கைபேசியில் நாற்பது நிமிடம் பதிவு செய்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் நாற்பது நிமிடமும் ஜெனரேட்டர். பொட்டலைச் சுற்றி நின்று படம் பிடித்த பையன்களின் வீடியோவிலும் அதே ஜெனரேட்டர், இடையிடையே வாடகைப் பெட்டியில் போட்ட சினிமாப் பாட்டு. வீரபத்திரனின் வேஷம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. தப்பு விழவில்லை.

இதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம், படப் பட்டியல் இல்லை. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டுப் பாடல்களைத் தொகுத்து வைத்தார். பிறகு வந்த ஆய்வாளர்களும் கூத்துப் பாட்டுகளை எழுதி வைத்தார்கள். சொல் தப்பிவிட்டது. சத்தம்? எந்தக் கணக்குத் தப்பு எந்த நடையில் அடித்தது, ரதியின் ஒப்பாரிக்கு எங்கே தாழ்ந்தது என்பதெல்லாம் நாலைந்து கிழவர்களின் மணிக்கட்டில் மட்டும் இருக்கிறது. அவர்களின் பேரன்கள் கொழும்பில் கடைச் சிப்பந்திகள்.

ரோதையும் அப்படித்தான். இரவிரவாகக் கொழுந்தை உருட்டிய அந்த யந்திரச் சத்தத்தில்தான் லயமே தூங்கியது. அது நின்றால் பிள்ளைகள் விழித்துக்கொள்ளும் என்பார் அம்மா. எங்கள் ஸ்டோர் மூடி ஏழு வருடமாகிறது. ரோதை முனிக்கு வெள்ளிக்கிழமை விளக்கு இன்னும் எரிகிறது. ரோதைதான் இல்லை. அக்கா மகன் அந்தச் சத்தத்தைத் தன் இசையில் சேர்க்க வேண்டுமென்று இணையம் முழுக்கத் தேடினான். தெமோதர ஒன்பது வளைவுப் பாலத்தில் பனியும் ரயிலும் ஆயிரம் வீடியோவில் கிடைத்தன, எல்லாவற்றின் மேலும் யாரோ ஒட்டிய இங்கிலீஷ் பாட்டோடு. கடைசியில் கீபோர்டில் ஒரு கட்டையை ரப்பர்பேண்ட் போட்டு அழுத்திவைத்து, அம்மாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான். "இன்னும் கொஞ்சம் கரகரன்னு இருக்கும்" என்றார் அம்மா. அவன் ஏதோ திருகினான். "இல்ல, அவ்வளவு இல்ல." இப்படியே ஒரு மணி நேரம். ஒரு சத்தத்தைக் கிழவியின் ஞாபகத்திலிருந்து பிடுங்கி எடுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பேய்ப்படமும் எனக்கு அந்த ஒரு மணி நேரத்தைத் தந்ததில்லை.

ஆசிரியருக்குப் பத்துப் படம் வரவில்லை, மன்னிக்க வேண்டும். இதை வாசிப்பவர் பசறையிலோ லுணுகலையிலோ பண்டாரவளையிலோ இருந்தால், வரும் மாசியில் பக்கத்துத் தோட்டத்தில் கம்பம் ஊன்றுகிறார்களா என்று விசாரியுங்கள். கைபேசியை ஜெனரேட்டருக்கு எதிர்ப்பக்கம் வைத்து, தப்பிலிருந்து ஆறேழு அடி தள்ளி நில்லுங்கள். தப்புக் காயும்போதே பதிவைத் தொடங்கிவிடுங்கள். அந்தச் சுண்டலும் வேண்டும். கோப்பின் பெயரில் தோட்டம், கணக்கு, திகதி மூன்றையும் எழுதிவையுங்கள். அடித்தவரின் பெயரையும் அவரிடமே கேட்டு எழுதுங்கள்.