விதைக் கடலை வேறு, மண்டிக் கடலை வேறு

மானாவாரி மணிலா பற்றி வணிகர் கவனத்திற்குச் சில கருத்துகள்

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது நாடறிந்த பழமொழி. தேட வேண்டியது பட்டத்தை மட்டுமன்று, நல்ல விதையையும்தான் என்பதை மானாவாரி நிலக்கடலை ஆண்டுதோறும் நமக்கு எடுத்துச் சொல்கிறது.

விழுப்புரம், திருவண்ணாமலை பகுதிகளின் மணற்பாங்கான செம்மண் காடுகளில் வானம் பார்த்து விளையும் சரக்கு இது. புத்தகத்தில் நிலக்கடலை, மண்டியில் மணிலா, வீட்டில் மல்லாட்டை. வரத்துக் குறைந்தால் மழை இல்லை என்று சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். நல்ல மழை பெய்த ஆண்டிலும், விதைத்த காட்டில் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செடி நிற்பதைப் பார்க்கிறோம். இந்தப் பயிரின் லாப நட்டம் விதைத்த முதல் 15 நாளிலேயே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. அந்த 15 நாளில் வணிகர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. விதை என்று கேட்டு விவசாயி பல ஊர்களில் நம் கடைக்குத்தானே வருகிறார்!

ஓர் ஏக்கர் கணக்கு

கொத்து ரகத்திற்கு வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 10 செ.மீ. இடைவெளி என்பது வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அதன்படி சதுர மீட்டருக்கு 33 செடி. ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். ஆக ஏக்கருக்கு 1,32,000 செடி நிற்க வேண்டும். 100 பருப்பின் எடை 38 கிராம் என்று கொண்டால் இதற்கு 50 கிலோ விதைப் பருப்பு ஆகிறது.

ஆனால் இது அத்தனையும் முளைத்தால் வரும் கணக்கு. சான்று விதைக்கே முளைப்புத்திறன் குறைந்தது 70 சதவீதம் இருக்க வேண்டும் என்றுதான் விதி. 70 சதவீதம் முளைத்தால் 92,400 செடி. பாதிதான் முளைத்தது என்றால் 66,000 செடி.

செடிக்கு 6 கிராம் காய்ந்த காய் என்று ஓர் உத்தேசக் கணக்குப் போடுவோம். முழுப் பயிருக்கு 792 கிலோ காய். 70 சதவீதத்திற்கு 554 கிலோ. பாதிப் பயிருக்கு 396 கிலோ. இடம் அதிகம் கிடைத்தால் செடி சற்றுக் கூடுதலாகக் காய்க்கும் என்பது மெய்தான். ஆனாலும் கொத்து ரகம் கொடி ரகம்போல் படர்ந்து வெற்றிடத்தை நிரப்பாது. அங்கே களைதான் நிரம்பும். உழவுக் கூலியும் களையெடுப்புக் கூலியும் பயிர் பாதி என்பதற்காகப் பாதியாகிவிடுவதில்லை. குறைவது வருமானம் மட்டுமே.

மண்டிக் கடலை ஏன் சரியாக முளைப்பதில்லை?

இதற்கான விடை நம் கிடங்கிலேயே இருக்கிறது. காயை உடைக்கும் மெஷினில் கொட்டுமுன் தண்ணீர் தெளிப்பது தொழிலில் உள்ள வழக்கம். பருப்பு நொறுங்காமல் முழுதாக விழ வேண்டும் என்பதற்காகச் செய்வது அது. ஆலைக்கு உடனே போகும் சரக்கு என்றால் ஒருவாறு சமாளிக்கலாம். விதைக்கோ அந்த ஈரம் பூஞ்சணத்தைக் கூட்டி வரும் வழி. மேலும், மெஷின் அடியில் பருப்பின் மேல்தோல் கீறுகிறது. முளை இருக்கும் மூக்கு நசுங்குகிறது. கண்ணுக்கு நன்றாகத் தெரியும் பருப்பு மண்ணுக்குள் போய் அழுகிவிடும்.

இன்னொன்று, மண்டிச் சரக்கு பல காட்டுச் சரக்கு. ரகம் கலந்திருந்தால் ஒன்று முற்றும்போது மற்றொன்று பிஞ்சாக நிற்கும். எந்த நாளில் பிடுங்கினாலும் ஒரு பகுதி நட்டம். ஆகவே விதையைக் காயாகவே வைத்திருந்து, விதைப்புக்கு ஓரிரு வாரம் முன்பு கையால் உடைத்து, சுருங்கியதையும் தோல் உரிந்ததையும் பொறுக்கிக் கழிப்பதே சிறந்தது.

மணல் நிலத்தில் கவனிக்க வேண்டியவை

மணற்பாங்கான நிலம் தண்ணீரைப் பிடித்து வைக்காது. மழை விட்ட சில நாட்களிலேயே மேல்மண் காய்ந்துவிடும். எனவே ஈரம் இருக்கும்போதே விதைத்து முடிக்க ஆளும் ஏரும் விதையும் முன்கூட்டித் தயாராக இருக்க வேண்டும். 5 செ.மீ. ஆழம் போதுமானது. மேலாக விழுந்தால் காய்ந்துபோகும். மிக ஆழத்தில் விழுந்தால் முளை மேலே வருவதற்குள் வலுவிழந்துவிடும்.

செம்மண்ணில் மழைக்குப் பின் மேலே ஓடு கட்டி முளையைத் தடுப்பதும் உண்டு. ஏக்கருக்கு 5 டன் தொழு உரமோ மக்கிய தென்னைநார்க் கழிவோ இட்டால் மண் இளகும். ஈரமும் கூடுதல் நாள் நிற்கும். வேரழுகலைத் தடுக்கக் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா கலக்க வேண்டும். ரைசோபியம் பொடியை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் பூசி, நிழலில் உலர்த்தி விதைத்தால், காற்றிலுள்ள தழைச்சத்தைச் செடியே பிடித்துக்கொள்ளும். செலவு மிகச் சொற்பம்.

விதைத்த 40 முதல் 45 நாளில், மண்ணில் ஈரம் இருக்கையில், ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். காய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைக் காயே மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகிறது. அது கிடைக்காத காய் பொக்காகிவிடும். மண் அணைத்து விழுது இறங்கிய பின் செடியடியைக் கிளறக் கூடாது.

நமக்கு என்ன ஆதாயம்?

100 கிலோ காய்க்கு 72 கிலோ பருப்பு விழுவதற்கும் 62 கிலோ விழுவதற்கும் உள்ள வேறுபாட்டை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பொக்கு குறைந்தால் விவசாயிக்கு விலை கூடுகிறது. நமக்குக் கழிவு குறைகிறது. நன்கு உலர்த்திய சரக்கு என்றால் அஃப்ளாடாக்சின் நச்சுப் பயமும் குறையும். நேரடியாக உண்ணும் கடலைக்கு ஐரோப்பிய நாடுகள் கிலோவுக்கு 4 மைக்ரோகிராமுக்கு மேல் அந்த நச்சை ஏற்பதில்லை.

வேறொரு பக்கமும் உண்டு. இரண்டு பட்டம் கைவிட்ட விவசாயி மூன்றாம் பட்டத்தில் சவுக்கு நட்டுவிடுகிறார். சவுக்கு நின்ற காட்டிலிருந்து சில ஆண்டுகளுக்கு ஒரு மூட்டை மணிலாவும் மண்டிக்கு வராது. செக்குக்காரரும் ஆலைக்காரரும் வெளி மாநிலச் சரக்கைத் தேடிப் போவார்கள். பிறகு நம் கிடங்குக்கு வாடகை யார் கொடுப்பது?

வணிகர்கள் செய்யத்தக்கவை

1. ஆலைக்கென வாங்கிய பருப்பை விதை என்று சொல்லி விற்கக் கூடாது. விதை விற்பவர் 1983-ஆம் ஆண்டு விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் பெற வேண்டும்.

2. உரிமம் உள்ளவர்கள் ரகம் வாரியாக, காயாகவே, தனி அடுக்கில் வைக்க வேண்டும். தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்குவது நல்லது.

3. விற்கும் முன் 100 பருப்பை ஈர மணலில் இட்டு, பத்தாம் நாள் எத்தனை முளைத்தது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். 80 முளைத்தால் ஏக்கருக்கு 50 அல்ல, 62 கிலோ வேண்டும் என்று வாங்குபவரிடம் சொல்லலாம். 70-க்குக் கீழே முளைத்தால் அது செக்குக்குத்தான் போக வேண்டும்.

4. முன்பணம் கொடுக்கும் வணிகர்கள், பணத்தோடு ஜிப்சத்தையும் உயிர் உரப் பாக்கெட்டையும் நினைவூட்டலாம்.

ஒவ்வோர் ஊர்ச் சங்கமும் ஆனி மாதத்தில் வேளாண்மை அலுவலரை அழைத்து ஒரு நாள் கூட்டம் நடத்தினால், அதன் பலனை ஐப்பசி வரத்தில் நாமே எடை போட்டுப் பார்க்கலாம். விவசாயி காட்டில் செடி நெருங்கி நின்றால்தான் நம் மண்டியில் மூட்டை நெருங்கி நிற்கும்.