வண்டி சொல்லும் குறிப்பு

பூந்தமல்லியிலிருந்து பெங்களூர்ச் சாலையில் மேற்கு நோக்கிச் சென்றால் இருங்காட்டுக்கோட்டை வரும். 1998 முதல் அங்கே மோட்டார் கார்கள் உற்பத்தியாகி வருகின்றன. புதுக் கார்களை ஏற்றிய நீண்ட லாரிகள் எங்கள் பக்கத்தில் அன்றாடக் காட்சி. ஆயினும், நான் இப்போது பேச எடுத்துக்கொண்டது புதிய கார்களைப் பற்றியதன்று. பத்து, பதினைந்து ஆண்டுகள் உழைத்த பழைய கார்களைப் பற்றியது. நம்மில் பலருடைய வீட்டு வாசலில் நிற்பவை அவையே அல்லவா?

பழைய கார் வைத்திருப்போருக்கு என்றேனும் ஒரு நாள் இது நேரும். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, டாஷ்போர்டில் என்ஜின் வடிவமுள்ள மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்கும். வண்டியோ வழக்கம்போல் ஓடும். சிலர் அஞ்சி நடுச்சாலையிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சிலர் அதைப் பொருட்படுத்தாமல் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். இரண்டும் தவறே. விளக்கு என்ன சொல்லுகிறது, எவ்வளவு சொல்லுகிறது என்று அறிந்தால் அச்சமும் வேண்டா, அலட்சியமும் வேண்டா.

முதலில் நிறத்தைக் கவனியுங்கள். பச்சையும் நீலமும் ஏதோ ஒரு சாதனம் இயங்குகிறது என்று மட்டும் தெரிவிக்கும். மஞ்சள், விரைவில் கவனி என்னும். சிவப்பு, இப்போதே கவனி என்னும். எண்ணெய்க் குடுவை போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால், என்ஜின் ஆயிலின் அழுத்தம் குறைந்துவிட்டது என்று பொருள். சில நிமிடம் ஓட்டினாலும் என்ஜின் பாழாகலாம். ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுவதே அறிவுடைமை. வெப்பமானி வடிவம் சிவப்பாக எரிந்தாலும் அவ்வாறே செய்க. சூடு தணியுமுன் ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் கூடாது. பாட்டரி வடிவம் எரிந்தால், பாட்டரிக்கு மின்சாரம் ஏறவில்லை. இருப்புத் தீரும்வரையே வண்டி ஓடும். பிரேக் விளக்கு அணையாவிட்டால் முதலில் கைப்பிரேக்கைப் பாருங்கள். அது விடுபட்டிருந்தும் விளக்கு எரிந்தால் பிரேக் எண்ணெய் குறைந்திருக்கலாம். அந்நிலையில் வண்டியை ஓட்டலாகாது.

மஞ்சள் என்ஜின் விளக்கிலும் ஒரு வேறுபாடு உண்டு. நிலையாக எரிந்தால் மெதுவாக ஓட்டிச் சென்று காட்டலாம். விட்டு விட்டு மின்னினால், சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது என்று கொள்ளலாம். அது புகையைத் தூய்மை செய்யும் விலையுயர்ந்த பாகத்தைச் சூடேற்றிக் கெடுத்துவிடும். ஆகவே வேகத்தைக் குறைத்து, வண்டியை நிறுத்துவதே நன்று.

இந்த விளக்கு தோன்றியதன் காரணம் காற்றின் மாசு. கார்ப் புகையைக் கட்டுப்படுத்த முயன்றவர்கள், வண்டி தன்னைத் தானே சோதித்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தார்கள். அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களுக்கும் ஒரே வகையான குறியீடுகள் கட்டாயமாயின. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் சென்னை முதலிய பெருநகரங்களில் பாரத் நான்காம் நிலை விதிகள் வந்தபோது இந்தச் சுயசோதனையும் உடன் வந்தது. பொதுவாக ஸ்டீயரிங்கின் கீழே பதினாறு முனைகள் கொண்ட ஓர் இணைப்பு இருக்கும். அதில் சிறு கருவியைப் பொருத்தினால் வண்டி பதிந்துவைத்த குறியீட்டைப் படிக்கலாம். இன்று கைப்பேசியிலேயே பார்க்கவும் முடிகிறது.

குறியீட்டைப் படிப்பது அரிய கலையன்று. பி 0171 என்பதை எடுத்துக்கொள்வோம். ‘பி’ என்னும் எழுத்து என்ஜினையும் கியர்ப் பகுதியையும் குறிக்கும். அடுத்த பூஜ்யம், இது எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான குறியீடு என்று காட்டும். அதற்கடுத்த 1, எரிபொருளும் காற்றும் சேரும் பகுதியைச் சுட்டும். அவ்விடத்தில் 3 இருந்தால் தீப்பொறிப் பகுதி. கடைசி இரண்டு இலக்கங்கள் குறிப்பிட்ட குறையைச் சொல்லும். ஆக, பி 0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு, காற்று மிகுதி என்பதாகும்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள்; நானும் தவறினேன். 2012ஆம் ஆண்டில் செய்யப்பட்ட என் காரில் இதே குறியீடு வந்தது. ஒரு பட்டறையில் புகைக்குழாயிலுள்ள ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். சில ஆயிரம் ரூபாய் செலவாயிற்று. மூன்றாம் நாள் விளக்கு மீண்டும் எரிந்தது. பிறகு, வயது முதிர்ந்த மெக்கானிக் ஒருவர் என்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். ஒரு ரப்பர் குழாயின் மீது சிறிது நீரைத் தெளித்தார். என்ஜினின் ஒலி மாறிற்று. “ஐயா, குழாய் வெடிச்சிருக்கு. அந்த வழியாத்தான் காத்து உள்ளே போகுது” என்றார். குழாயின் விலை சென்சாரின் விலையில் சிறு பங்கு. பழைய சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருந்தது. உண்மை சொன்ன சாட்சியை நாங்கள் குற்றவாளியாக்கிவிட்டோம்!

பள்ளிக்கூடத்தில் இதை நான் பலமுறை கண்டதுண்டு. வகுத்தல் கணக்கில் விடை தவறாயிருந்தால் ஆசிரியர் கடைசி வரியில் சிவப்புக் கோடு இடுவார். ஆனால் பிழை பிறந்த இடம் அதுவன்று. நடுவில் எங்கோ ஏழாம் வாய்ப்பாட்டில் பையன் தடுமாறியிருப்பான். கோடிட்ட இடத்தை மட்டும் திருத்தினால் அடுத்த கணக்கிலும் அதே பிழை வரும். குறியீடும் அத்தகைய கோடே.

ஆகவே எளியதையும் மலிவானதையும் முதலில் பார்க்க வேண்டும். பல விளக்குகள் ஒன்றாக எரிந்தால் பாட்டரியையும் அதன் முனைகளையும் பாருங்கள். எலி கடித்த கம்பி உண்டா என்று நோக்குங்கள். 2015 டிசம்பர் வெள்ளம் போன்றவற்றில் நனைந்த வண்டியானால், இணைப்புகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று காணுங்கள். முதல் சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று பி 0301 வந்தால், அதன் ஸ்பார்க் பிளக்கை இரண்டாவதற்கு மாற்றிப் பாருங்கள். குறியீடு 0302 என்று மாறினால் குற்றம் பிளக்கினுடையது. மாறாவிட்டால் வேறிடத்தில் தேட வேண்டும். செலவில்லாத சோதனை இது.

பழைய கார் வாங்குவோருக்கும் ஒரு சொல். சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியபின் அணைய வேண்டும். என்ஜின் விளக்கு தொடக்கத்திலேயே எரியாவிட்டால் மகிழ வேண்டா. விளக்கே பழுதாகியிருக்கலாம், அல்லது எவரேனும் அதைக் கழற்றியிருக்கலாம். குறியீட்டை அழித்துவிட்டு விற்பதும் உண்டு. அழித்ததனால் நோய் தீராது. சில நாள் ஓடியபின் விளக்கு மறுபடி எரியும்.

எனவே அன்பர்களே, விளக்கு எரிந்தால் குறியீட்டை அழிக்குமுன் ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பட்டறையில் ஒரு பாகத்தை மாற்ற வேண்டும் என்றால், “அதுதான் கெட்டது என்று எப்படிச் சோதித்தீர்கள்?” என்று பணிவாகக் கேளுங்கள். நல்ல மெக்கானிக் அந்தக் கேள்விக்குக் கோபம் கொள்ளமாட்டார், மகிழ்ந்து காட்டுவார்.