ஒரு வண்டும் ஒரு கப்பல் தேயிலையும்

2017ஆம் ஆண்டு டிசம்பர் நடுப்பகுதியில் ரஷ்யாவிலிருந்து ஒரு செய்தி வந்தது. இலங்கையிலிருந்து போன தேயிலைப் பொதியொன்றின் உறையில் ஒரு வண்டு காணப்பட்டதாம். அந்த நாட்டின் கால்நடை, தாவர சுகாதாரக் கண்காணிப்பு நிறுவனம் உடனே கதவைச் சாத்திவிட்டது. டிசம்பர் 18 முதல் தேயிலைக்கு மாத்திரமல்ல, இலங்கையின் விவசாய உற்பத்திகள் அனைத்துக்குமே தற்காலிகத் தடை.

கொழும்பிலே ஏற்றுமதியாளர்கள் பதறியதைப் பத்திரிகைகள் எழுதின. இரத்தினபுரியிலும் கலவானையிலும் காவத்தையிலும் நாங்கள் பதறியதை எவரும் எழுதவில்லை. ரஷ்யாவில் சாத்தப்பட்ட கதவுக்கும் எங்கள் பலசரக்குக் கடையின் கடன் கொப்பிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் சப்ரகமுவவில் ஒரு மாதம் வியாபாரம் செய்து பார்க்க வேண்டும். இங்கே அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தேயிலை வைத்திருப்பவர்தான் எமது வாடிக்கையாளர். அரிசியும் பருப்பும் கருவாடும் பசளையும் கொப்பியில் எழுதித்தான் போகும். கொழுந்து லொறிக்காரர் நிறுத்து எடுத்துப் போவார், தொழிற்சாலை தேயிலையாக்கிக் கொழும்பு ஏலத்துக்கு அனுப்பும், ஏலத்தில் விழுந்த விலையைப் பார்த்து அடுத்த மாதம் கொழுந்துக் காசு வரும். அந்தக் காசு வந்தால்தான் எங்கள் கொப்பியில் கோடு விழும். இரண்டாயிரம் அடிக்குக் கீழே விளையும் எங்கள் தேயிலையை விரும்பி வாங்குவோர் மத்திய கிழக்கிலும் துருக்கியிலும் ரஷ்யாவிலும்தான் இருக்கின்றனர். அவர்களில் ஒருவர் கையை எடுத்தால் ஏலத்தில் அன்றே தெரியும்.

அந்த வண்டின் பெயர் கப்ரா. தேயிலையைத் தின்னும் வண்டல்ல அது. கோதுமை, அரிசி, பருப்பு போன்ற களஞ்சியத் தானியங்களைத் தின்பது. பறக்கவும் தெரியாது. ஆனால் அதன் புழு பலகை வெடிப்பிலும் சாக்குத் தையலிலும் ஒளிந்துகொண்டு, தீனியே இல்லாமல் மிக நீண்ட காலம் உயிரோடு கிடக்கும். ஒரு நாட்டுக்குள் புகுந்துவிட்டால் தானியக் களஞ்சியங்களைச் சுத்தப்படுத்தி முடிக்க முடியாது. ஆகவே தானியம் விளைவிக்கும் நாடுகள் இந்த வண்டின் பெயரைக் கேட்டாலே நடுங்குகின்றன. ரஷ்யா கோதுமை விற்கும் நாடு என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்த நாட்களில் எமது கடைத் திண்ணைகளில் வேறொரு கதையும் ஓடியது. இலங்கை அரசாங்கம் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியை 2018 ஜனவரி முதல் கட்டுப்படுத்த இருந்தது. அஸ்பெஸ்டஸ் விற்கும் பெரிய நாடு ரஷ்யா. வண்டு ஒரு சாட்டு, விஷயம் கூரைத்தகடு என்று பேசிக்கொண்டார்கள். அஸ்பெஸ்டஸ் திட்டம் அந்த நாட்களிலேயே தள்ளி வைக்கப்பட்டது, டிசம்பர் 30 முதல் தேயிலைத் தடையும் நீங்கியது என்பதால் பேச்சுக்கு நன்றாகத்தான் கால் முளைத்தது. எது உண்மை என்று விவாதிப்பது தேநீர் குடிக்கும் நேரத்துக்கு நல்லது. வியாபாரி பார்க்க வேண்டியது வேறு. சாட்டாகவே இருந்தாலும் அந்தச் சாட்டை அவர்கள் கையில் கொடுத்தது யார்? வண்டைக் காட்டிக் கதவைச் சாத்த அவர்களிடம் சட்டம் இருந்தது. வண்டு போகாதபடி பார்த்துக்கொள்ள எங்களிடமும் சட்டமும் அலுவலகமும் இருந்தன.

1999இன் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கட்டுநாயக்கவில் தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை இயங்குகின்றது. ஏற்றுமதியாகும் தாவரப் பொருளில் பீடை இல்லை என்று சான்றிதழ் தருவது அவர்களே. ஆனால் சான்றிதழ் பொருளுக்குத்தான். அந்தப் பொருளைத் தாங்கும் பலகைத் தட்டுக்கு வேறு விதி இருக்கின்றது. மரத்தின் நடுப்பகுதி வரை 56 பாகை வெப்பம் 30 நிமிடம் ஏற வேண்டும், அல்லது அனுமதிக்கப்பட்ட புகையூட்டல் செய்ய வேண்டும், கோதுமைக் கதிர் போன்ற அடையாளம் பலகையில் பதிந்திருக்க வேண்டும். இது உலகம் முழுவதும் ஒன்றுதான். கொள்கலனையோ பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நேற்று அதில் கோதுமையோ பருப்போ வந்திருக்கலாம். தரைப்பலகை இடுக்கில் கிடக்கும் நாலு மணி தானியம் போதும். எனக்குத் தெரிந்த ஒரு பொதியிடல் களஞ்சியத்தில் ஒரு பக்கம் தேயிலை அடுக்கியிருந்தது, மறுபக்கம் பருப்பு மூட்டை. "நானா, ரெண்டும் நல்ல சாமான்தானே?" என்று அங்கிருந்த இளைஞர் கேட்டார். நல்ல சாமான்தான் தம்பி, ஆனால் பருப்புக்குச் சொந்தக்காரர் அந்த வண்டு என்றேன்.

வெள்ளைக்காரன் எங்களை அவமதிக்கிறான், ஏழை நாட்டை நசுக்குகிறான் என்று பேசும் வியாபாரிகள் நம்மிடையே நிறைய உள்ளனர். அவர்களுக்கு நான் காட்டுவது நாய், பூனைத் தீனி. கொழும்பிலும் கண்டியிலும் இப்போது அது நல்ல வியாபாரம், எமது இளைஞர்கள் சிலரும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவர விசாரிக்கின்றனர். கொண்டுவரப் போனால் எமது நாடே கேட்கிறது: 1986இன் 15ஆம் இலக்க விலங்குத் தீவனச் சட்டத்தின் கீழ்ப் பதிவு எங்கே? ஏற்றுமதி செய்யும் நாட்டின் கால்நடை அதிகார சபை தந்த சுகாதாரச் சான்றிதழ் எங்கே? பூனை தின்னும் பிஸ்கட்டுக்கு நாம் இவ்வளவு கேட்கிறோம். மனிதன் குடிக்கும் தேயிலைக்கு அவர்கள் கேட்கக் கூடாதா?

இந்தக் கேள்விகள் சும்மா பிறந்தவையல்ல. 2007 மார்ச்சில் கனடாவின் மெனு ஃபூட்ஸ் என்ற கம்பனி 6 கோடி நாய், பூனைத் தீனிப் பேணிகளையும் பைகளையும் திருப்பி எடுத்தது. பிராணிகள் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. தேடிப் பார்த்தபோது சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரத மாவில் மெலமின் கலந்திருந்தது. மெலமின் பிளாஸ்டிக் செய்ய உதவும் இரசாயனம். புரதத்தை அளக்கும் பரிசோதனை உண்மையில் நைதரசனைத்தான் அளக்கும், மெலமினில் நைதரசன் அதிகம், ஆகவே தரங்குறைந்த மாவும் பரிசோதனையில் சித்தியடைந்துவிடும். மறு ஆண்டு அதே மெலமின் சீனாவில் குழந்தைகளின் பால்மாவில் வந்தது. பூனையில் காட்டிய சூட்சுமம் பிள்ளையில் முடிந்தது.

அமெரிக்கா அதற்கு முன்பே, 2003 டிசம்பர் முதல், தன் நாட்டுக்கு உணவு அனுப்பும் வெளிநாட்டுத் தொழிற்சாலைகளும் களஞ்சியங்களும் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் போட்டிருந்தது. மனித உணவும் சரி, பிராணித் தீனியும் சரி, ஒரே பதிவுதான். அமெரிக்காவில் வசிக்கும் முகவர் ஒருவரின் பெயரும் கொடுக்க வேண்டும். 2011இன் புதிய சட்டத்துக்குப் பின் இரட்டைப்படை ஆண்டு ஒவ்வொன்றிலும் ஒக்டோபர் முதல் டிசம்பருக்குள் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் சரக்கு துறைமுகத்திலேயே நிற்கும். பதிவுக்கு அமெரிக்க அரசாங்கம் கட்டணம் எதுவும் அறவிடுவதில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன். "அரசாங்கக் கட்டணம்" என்று சொல்லிக் காசு பறிக்கும் இடைத்தரகர்கள் இருக்கின்றனர்.

இனி ஜப்பானுக்கு வருவோம். வண்டுக் கதை 12 நாளில் முடிந்தது. ஜப்பான் கதை எங்கள் காணிகளின் புல்லிலிருந்து ஆரம்பித்ததால் அவ்வளவு இலகுவில் முடியவில்லை.

ஜப்பான் 2006 மே 29 முதல் ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒரு பயிருக்கு ஒரு மருந்து என்று தனி அளவு குறிக்கப்பட்டிருந்தால் அந்த அளவு, குறிக்கப்படாவிட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே அளவு: கிலோவுக்கு 0.01 மில்லிகிராம். ஒரு தொன் தேயிலையில் 10 மில்லிகிராம். இரண்டு விரலால் கிள்ளி எடுக்கும் உப்பில்கூட அதைவிடப் பல மடங்கு இருக்கும்.

2015இல் எமது அரசாங்கம் கிளைபொசேற் களைநாசினியைத் தடை செய்தது. ரஜரட்ட விவசாயிகளின் சிறுநீரக நோய்தான் காரணமாகக் கூறப்பட்டது. அந்த நோயின் வேதனையை எவரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் சப்ரகமுவ மழையில் புல் வர்த்தமானி பார்த்து முளைப்பதில்லை. தோட்டங்களில் கையால் புல் பிடுங்க ஆளில்லை, ஆள் கிடைத்தாலும் கூலி கட்டாது. ஆகவே கிடைத்ததை அடித்தார்கள். எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினி அப்படித்தான் தேயிலைக்குள் வந்தது. தேயிலைக்கு அந்த மருந்துக்கென ஜப்பானில் தனி அளவு இருக்கவில்லை. அப்படியானால் என்ன? அந்த 0.01தான். 2018 அளவில் ஜப்பான் எமது தேயிலையைச் சோதிப்பதை இறுக்கியது. அந்த ஆண்டு ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் கிளைபொசேற் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

அந்த இடைப்பட்ட மூன்று வருடங்கள் எங்களைப் போன்ற கடைக்காரர்களுக்குச் சோதனைக் காலம். லேபலில்லாத போத்தல்கள் கள்ளமாக வந்தன. அசலா கலப்பா என்று விற்பவனுக்கும் தெரியாது, வாங்குபவனுக்கும் தெரியாது. "முதலாளி, புல்லுக்கு அடிக்க ஏதாவது தாருங்கள், தேயிலை மூடிப் போச்சு" என்று வருபவரை வெறுங்கையோடு அனுப்புவது இலேசான காரியமல்ல. அவர் கொப்பியில் எனக்குத் தர வேண்டிய காசும் அந்தத் தேயிலையில்தான் தங்கியிருக்கிறது. 1980இன் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி பதிவில்லாத மருந்தை விற்பது குற்றம் என்று சொல்லித்தான் அனுப்பினேன். பக்கத்துத் தெருவில் அவருக்குக் கிடைத்தது என்பதும் எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். ஒரு கிலோ தேயிலை செய்ய ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். நீர்தான் போகிறது, மருந்து எல்லாம் போவதில்லை. கொழுந்தில் இருந்த துளி தேயிலையில் செறிந்து நிற்கும். அடுத்தது கலப்பு. எமது பகுதித் தொழிற்சாலைகள் நூற்றுக்கணக்கான சிறு காணிகளிலிருந்து கொழுந்து எடுக்கின்றன. லொறியில் ஏறியதும் எது யாருடையது என்று சொல்ல முடியாது. ஒழுங்காக நடந்த 99 பேரின் உழைப்பு, நேற்று மருந்தடித்து இன்று பறித்த ஒருவரால் போய்விடும். நாட்டின் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் சிறுபற்று நிலங்களிலிருந்தே வருகிறது என்பதை நினைத்தால் இது சின்ன விஷயமல்ல.

ஐரோப்பாவின் கதை வேறு. அங்கே அந்திராகுவினோன் என்ற பொருள் தேயிலையில் கிலோவுக்கு 0.02 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அதை நாம் எவரும் அடிப்பதில்லை. அது விறகுப் புகையிலும் உண்டு. எமது தொழிற்சாலைகளில் உலர்த்தும் சூட்டுக்கு இறப்பர் விறகுதான் எரிகிறது. அடுப்புக் குழாயில் ஒரு வெடிப்பு இருந்தால் சூடான காற்றோடு புகையும் தேயிலைக்குள் போகும். கொழுந்து சுத்தம், தொழிலாளி சுத்தம், குழாயில் ஓட்டை. பெரும் செலவில் புதிய இயந்திரம் போட்டு, பழைய குழாயை மாற்றாமல் விட்ட ஒரு தொழிற்சாலையை நான் பார்த்திருக்கிறேன். புது இயந்திரத்தைத்தான் விருந்தினருக்குக் காட்டினார்கள்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளையும் மருந்தும் ஒரேயடியாகத் தடை செய்யப்பட்டு நவம்பரில் தடை நீங்கிய கதை வாசகர்களுக்குத் தெரியும். அதை இங்கு விரிக்கவில்லை. ஒன்று மட்டும்: வாங்கும் நாட்டின் சட்டம் முன்னறிவித்தலோடு வருகிறது, கருத்துச் சொல்ல அவகாசமும் தருகிறது. உலக வர்த்தக அமைப்பின் விதி அது. எமது நாட்டுச் சட்டம் இரவில் வர்த்தமானியாக வருகிறது. எது பெரிய தலைவலி என்று நீங்களே சொல்லுங்கள்.

சரி, சின்ன வியாபாரி என்ன செய்யலாம்? தேயிலை ஏற்றுமதி செய்ய விரும்பும் இளைஞர்கள் என்னிடம் வரும்போது முதலில் இலங்கைத் தேயிலைச் சபையில் ஏற்றுமதியாளராகப் பதியச் சொல்கிறேன். சிங்க இலச்சினை மீது எல்லோருக்கும் ஆசை. இங்கேயே பொதி செய்த, நூறு வீதம் இலங்கைத் தேயிலைக்கு மாத்திரமே அது கிடைக்கும், சபையின் அனுமதியும் வேண்டும். பிறகு வாங்குபவரிடம் விலை பேசுமுன் அவர் நாட்டின் எச்ச அளவுப் பட்டியலைக் கேட்கச் சொல்கிறேன். பலர் மாதிரி அனுப்பி, விலை பேசி, முற்பணமும் வாங்கிய பின்னர்தான் அதைக் கேட்கின்றனர். ஆய்வுகூடப் பரிசோதனைக்கு 100 கிலோவுக்கும் 10,000 கிலோவுக்கும் ஒரே கட்டணம்தான் என்பதால் சின்னச் சரக்குக்கு அது பாரம். இரண்டு மூன்று பேர் ஒரே தொழிற்சாலையின் ஒரே தொகுதியை வாங்கி, ஒரு பரிசோதனையோடு பங்கிட்டுக்கொள்வது நடக்கக்கூடியது. அண்ணன் தம்பிகூடச் சேராத எமது வர்த்தகத்தில் இதைச் சொல்லிச் சிரிப்பை வாங்கியிருக்கிறேன். ஆனாலும் கேகாலைப் பக்கத்தில் மூவர் கறுவாவுக்கு இப்படிச் செய்கின்றனர்.

காணிக்காரருக்கு இரத்தினபுரியிலேயே உதவி உண்டு. தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நாட்டுக் கிளை சென் ஜோக்கிம் தோட்டத்தில் இருக்கிறது. எந்த மருந்து அனுமதி, அடித்த பின் எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று அங்கே கேட்கலாம். கடை வைத்திருப்பவருக்கு நான் சொல்வது பற்றுச்சீட்டு. மருந்தின் பெயர், தொகுதி இலக்கம், விற்ற திகதி மூன்றையும் எழுதிக் கொடுக்க வேண்டும். எனது கடையில் அந்தச் சீட்டின் பின்புறத்தில் "பறிக்கக் கூடாத கடைசி நாள்" என்று சிங்களத்திலும் தமிழிலும் அச்சடித்து, திகதிக்கு இடம் விட்டிருக்கிறேன். கொழுந்து லொறிக்காரர்களில் இருவர் இப்போது மூட்டையை ஏற்றுமுன் அந்தச் சீட்டைக் கேட்கிறார்கள். மற்றவர்கள் இன்னும் கேட்பதில்லை.