பரம்பரையலகு வெளிப்பாட்டு வேறுபாடுகளை அறியும் முறை

மனிதனின் ஈரற் கலமும் நரம்புக் கலமும் ஏறக்குறைய ஒரே பரம்பரையலகுத் தொகுதியையே கொண்டுள்ளன. எனினும் வடிவிலும் தொழிலிலும் அவை பெரிதும் வேறுபடுகின்றன. எப்பரம்பரையலகு எவ்வளவிற்குத் தொழிற்படுகின்றது என்பதே இதற்குக் காரணமாகும். தொழிற்படும் பரம்பரையலகு தன் செய்தியை ஆர்.என்.ஏ. எனும் பிரதியாக வெளியிடும். நோயுற்ற இழையத்தையும் நலமான இழையத்தையும் ஒப்பிட்டு, எப்பிரதிகள் கூடின, எவை குறைந்தன எனக் கண்டறிதல் இக்கால உயிரியலின் தலையாய பணிகளுள் ஒன்று.

இதற்கு ஆர்.என்.ஏ. சிறு துண்டுகளாக்கப்பட்டு, டி.என்.ஏ. வடிவிற்கு மாற்றப்பட்டு, வரிசை அறியும் பொறியில் வாசிக்கப்படுகின்றது. ஒவ்வொரு துண்டும் எப்பரம்பரையலகிற்கு உரியதெனக் கணனி வகுத்து எண்ணும். இறுதியிற் கிடைப்பது ஓர் எண் அட்டவணை: நிரைகளிற் பரம்பரையலகுகள், நிரல்களில் மாதிரிகள்.

இவ்வெண்களை அப்படியே ஒப்பிடலாகாது. ஒரு மாதிரியில் இரண்டு கோடி துண்டுகளும் மற்றொன்றில் நான்கு கோடி துண்டுகளும் வாசிக்கப்பட்டிருப்பின், பின்னதில் எண்கள் யாவும் இருமடங்காகத் தோன்றும். எனவே மொத்த வாசிப்பிற்கேற்ப அவற்றைச் சீராக்குதல் முதற்படியாகும்.

சீராக்கிய பின்னரும் ஐயமொன்று எஞ்சும். ஒரு பரம்பரையலகின் சராசரி முதற் குழுவில் 100 ஆகவும் இரண்டாங் குழுவில் 200 ஆகவும் காணப்படின், அது குழுவினால் விளைந்ததா, அன்றித் தனி மாதிரிகளிடையே இயல்பாயுள்ள ஏற்றவிறக்கமா? முதற் குழுவின் மாதிரிகள் 90, 100, 110 என நெருங்கி நின்று, மற்றக் குழுவும் அவ்வாறே நிற்பின் வேறுபாடு பொருளுடையது. அவை 40, 60, 200 எனச் சிதறி நிற்பின் அதனை நம்புதல் அரிது. குழுக்களிடையே உள்ள வேறுபாட்டை அளக்கும் கோல் குழுவினுள் உள்ள வேறுபாடே. ஒரே மாதிரியைப் பன்முறை வாசிப்பதால் இக்கோல் கிடையாது. தனித்தனி உயிர்களிடமிருந்து பெற்ற மாதிரிகள் வேண்டும்.

ஸ்கொத்லாந்தின் டண்டிப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016இல் வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு விளக்கும். இயற்கை வகை மதுவத்திலும், ஒரு பரம்பரையலகு நீக்கப்பட்ட மதுவத்திலும் வகைக்கு 48 மாதிரிகள் வாசிக்கப்பட்டன. தரங்குறைந்தவற்றை விலக்கிய முழுத்தொகுதி காட்டிய வேறுபாடுகளுள், குழுவிற்கு மூன்று மாதிரிகளைக் கொண்டு ஆராய்ந்தபோது, பதினொரு கணிப்பு முறைகளுள் ஒன்பது 20 முதல் 40 சதவீதத்தையே கண்டன. குழுவிற்குக் குறைந்தது ஆறு மாதிரிகளேனும் வேண்டுமென அவர்கள் பரிந்துரைத்தனர்.

இனி, மனிதனிற் புரதம் ஆக்கும் பரம்பரையலகுகள் ஏறத்தாழ 20,000. ஒவ்வொன்றையும் நூற்றுக்கு ஐந்து தவறு என்ற வரம்பிற் சோதிப்பின், உண்மை வேறுபாடு ஒன்றேனும் இல்லாதபோதும் ஏறத்தாழ 1,000 வேறுபாடுகள் தற்செயலாய்த் தோன்றும். பெஞ்சமினி, ஹொக்பேர்க் என்போர் 1995இல் வகுத்த முறை, கண்டனவாகக் கொள்ளப்படுபவற்றுட் பொய்யானவற்றின் விகிதத்தைக் கட்டுப்படுத்துகின்றது.

கணிதத்தாலும் தீராத குறையொன்றுண்டு. நோயாளரின் மாதிரிகள் யாவும் ஒரு நாளிலும் நலமானோரின் மாதிரிகள் யாவும் வேறொரு நாளிலும் வாசிக்கப்படின், நோயின் விளைவையும் நாளின் விளைவையும் பிரித்தறிய இயலாது. மனிதனின் இழையங்களையும் சுண்டெலியின் இழையங்களையும் ஒப்பிட்ட 2014ஆம் ஆண்டு ஆய்வொன்று, அவை உறுப்பு வழியன்றி இனவழியே ஒன்றுகூடுகின்றன என்றது. அதே தரவுகளை 2015இல் மீளாய்ந்த கிலாட், மிஸ்ராஹி-மான் என்போர், இரு இனங்களின் மாதிரிகளும் பெரும்பாலும் வெவ்வேறு தொகுதிகளாக வாசிக்கப்பட்டமையைக் காட்டினர். அத்தொகுதி விளைவை நீக்கிக் கணித்தபோது இழையங்கள் உறுப்பு வழியே கூடின.

வயற்பரிசோதனைகளுக்கென றொனால்ட் பிஷர் இங்கிலாந்தின் றொதாம்ஸ்ரெட் நிலையத்தில் 1920களில் வகுத்த நெறிகள் இங்கும் பொருந்துவன. பாத்திகளைப் பலவாக்குக, எப்பாத்திக்கு எவ்வுரம் என்பதைக் குலுக்கலால் முடிவு செய்க. பொறி புதியதாயினும், மாதிரிகளைப் பலவாக்கி வாசிக்கும் நாள்களிடையே கலந்து பகிர்தல் பொறியை இயக்குமுன்னரே செய்யப்படவேண்டிய கடமையாகும்.