வழியாத வண்ணம்

வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரஷ் எளிதாக ஓட வேண்டுமானால் பெயிண்ட் இளகியிருக்க வேண்டும். அடித்த பின் கோடு கோடாக வழியாதிருக்க வேண்டுமானால் அது கெட்டியாக இருக்க வேண்டும். ஒரே திரவம் இரண்டு விதமாகவும் எப்படி இருக்கும்?

இந்தச் சிக்கலைத் தீர்க்க உதவும் பொருள்களுள் ஒன்று, புகையைப் போல இலேசான ஒரு வெண்தூள். வேதியியல் முறையில் அது சிலிக்காதான். மணலின் பெரும்பகுதியும் அதுவே. ஆனால் மணலை அரைத்து இதைப் பெற முடியாது. ஜெர்மனியில் டெகுஸா நிறுவனத்தின் வேதியியலறிஞர் ஹாரி க்ளோப்ஃபர் 1940-களின் தொடக்கத்தில் வேறு வழி கண்டார். ரப்பருக்கு வலுவூட்டும் கரித்தூளுக்கு ஈடாக ஒரு வெள்ளைத் தூளைத் தேடியவர் அவர். சிலிக்கன் டெட்ராகுளோரைடு ஆவியை ஹைட்ரஜன் எரியும் சுடரில் செலுத்தினால், அங்கு உண்டாகும் நீராவி அதைச் சிலிக்காவாக மாற்றிவிடுகிறது. ஹைட்ரஜன் குளோரைடு வாயு பிரிந்து போகிறது.

இத்துகளின் விட்டம் ஏறத்தாழ 14 நானோமீட்டர் என்று கொள்வோம். ஒரு கிராம் சிலிக்காவை ஒரே கோலியாக உருட்டினால் அதன் பரப்பு 3 சதுர சென்டிமீட்டர்கூட இராது. அதே ஒரு கிராமை இத்தகைய துகள்களாக்கினால் மொத்தப் பரப்பு சுமார் 200 சதுர மீட்டர்! கபடி ஆடுகளம் ஒன்றரைக்குச் சமம். (சிலிக்காவின் அடர்த்தி 2.2 என்று வைத்து நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள்.)

இவ்வளவு பரப்பிலும் ஹைட்ராக்சில் தொகுதிகள் ஒட்டியிருக்கின்றன. சுடரிலேயே துகள்கள் கிளைகிளையாக உருகி இணைந்துவிடும். இக்கிளைகள் பெயிண்டுக்குள் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றி, வலை போல நிற்கும். பிரஷ் இழுக்கும்போது வலை அறுகிறது, பெயிண்ட் இளகுகிறது. இழுவிசை நின்றதும் வலை மீண்டும் கூடுகிறது. இப்பண்புக்குத் திக்சோட்ரோபி என்று பெயர். எடையில் நூற்றுக்கு ஓரிரு பங்கு தூளே பெரும்பாலும் போதும்.

ஆனால் எப்பாக்ஸி போன்ற முனைவுள்ள திரவங்களில் ஒரு தொல்லை உண்டு. திரவத்தின் மூலக்கூறுகளே ஹைட்ராக்சில் தொகுதிகளைப் பற்றிக்கொள்ளும். துகளுக்குத் துகள் பிடிப்பு ஏது? ஆகவே டைமெத்தில் டைகுளோரோசிலேன் போன்ற பொருளைத் தூளின்மேல் வினைபுரியச் செய்கிறார்கள். ஹைட்ராக்சில் தொகுதிகளுள் பல மறைந்து, மீத்தைல் தொகுதிகள் மேற்பரப்பைப் போர்த்துகின்றன. திரவத்தோடு ஒட்டாத துகள்கள் தம்முள் சேர்ந்து வலையைக் காக்கின்றன. இத்தூளை நீரில் போட்டால், நனையாமல் மிதக்கும். சேப்பங்கிழங்கு இலையில் நீர் ஒட்டாமல் உருள்வது நினைவுக்கு வரும்.

மீன்தொட்டிக் கண்ணாடிகளை ஒட்டும் சிலிக்கோன் சீலண்டுக்கும் இது ஏற்றது. காற்றின் ஈரத்தால் இறுகும் பசை அது. ஈரம் சுமந்த தூளைக் கலந்தால், குழாய்க்குள்ளேயே இறுகத் தொடங்கிவிடும்!

தூளைக் கூட்டிக்கொண்டே போகலாமா என்றால், அதுவும் ஆகாது. வலை மிக விரைவாகக் கூடினால் பிரஷின் தடங்கள் சமப்படுமுன் உறைந்து நிற்கும். தாமதமாகக் கூடினால் வண்ணம் வழிந்துவிடும். இடைப்பட்ட அந்தச் சில விநாடிகளைப் பிடிப்பதில்தான் பெயிண்ட் தயாரிப்பவரின் திறமை இருக்கிறது.